நீரைக் கட்டிப்போடும் தானியம்

1790ஆம் ஆண்டு, ஜனவரி 1. பவேரியாவின் தலைநகர் மியூனிக். புத்தாண்டு நாளில் தர்மம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம் என்பதால், நகரத்துப் பிச்சைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அன்று தெருவில் இருப்பார்கள். அதைக் கணக்குப் போட்டுத்தான் பெஞ்சமின் தாம்சன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார். தெருவுக்குத் தெரு படைவீரர்களை நிறுத்திவிட்டு, கையேந்தி வந்த முதல் ஆளைத் தாமே பிடித்தார். மற்றவர்களை வீரர்கள் பிடித்தார்கள். எல்லோரையும் நகர மன்றத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர் எழுதிக்கொண்டு, ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினார்கள்: இனி இந்த ஊரில் பிச்சை கிடையாது, நாளை முதல் வேலைக்கூடத்துக்கு வந்தால் குளிர்காயும் அறை உண்டு, முடிந்தவருக்கு வேலை உண்டு, தினமும் சுடச்சுட ஒருவேளைச் சாப்பாடு உண்டு.

ஒரு வாரத்துக்குள் பட்டியலில் ஏறியவர்கள் 2,500 பேருக்கு மேல். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நாள்தோறும் வயிறு நிறைய வேண்டும், அரசின் செலவும் ஏறக் கூடாது. அதற்குத் தாம்சன் கண்ட வழிதான் பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிச் சூப். பின்னாளில் அவருக்கு ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் கிடைத்தபோது, சூப்புக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் இன்றும் ரம்ஃபோர்டு சூப் என்றால் தெரியும்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. 1753இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் பிறந்தவர். அங்கே விடுதலைப் போர் வெடித்தபோது பிரிட்டன் பக்கம் சாய்ந்தார்; பிறகு ஐரோப்பாவுக்கு வந்து பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடரின் படைத்துறையையே கையில் வைத்திருந்தார். பீரங்கிக் குழாயைக் குடையும்போது கிளம்பும் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, வெப்பம் என்பது ஒரு திரவப் பொருள் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையை ஆட்டிவைத்தவரும் இவரே. லண்டனில் 1799இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணகர்த்தா. வெப்பத்தைப் பற்றி இத்தனை யோசித்த ஒருவர் சட்டியையும் அடுப்பையும் சும்மா விடுவாரா? சூப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்.

அவருடைய செய்முறை சுருக்கமாக இதுதான். தோல் நீக்கித் தீட்டிய பார்லியைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதி வந்ததும் பட்டாணி. அதன் பிறகு இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் விட வேண்டும். அடுத்து தோலுரித்த உருளைக்கிழங்கு. இன்னும் ஒரு மணி நேரம், அடிக்கடி கிளறிக்கொண்டே. உப்பும் வினிகரும் கடைசியில். கிண்ணத்தில் காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் போட்டு, பரிமாறும் நேரத்தில் மேலே சூப்பை ஊற்ற வேண்டும். ரொட்டி ஊறிவிடக் கூடாது என்பதில் மனிதர் கறாராக இருந்தார். மெல்லுவதற்கு ஏதாவது இருந்தால் சாப்பாடு நீளும், சாப்பாடு நீண்டால் அதன் இன்பமும் நீளும், ஏழைக்கு அந்த இன்பம் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர் வாதம். ஏழைகளைப் பிடித்துவர ஆளனுப்பியவரிடமிருந்து இப்படியொரு கரிசனம்!

உருளைக்கிழங்கு விஷயத்தில் மட்டும் கள்ளத்தனம் நடந்தது. மியூனிக் மக்களுக்கு அப்போது அந்தக் கிழங்கின் மீது அருவருப்பு. அதனால் ஆரம்பத்தில் ஒதுக்குப்புறமான அறையில் ரகசியமாக வேகவைத்து, உருத்தெரியாமல் மசித்துச் சூப்பில் கலந்தார்கள். சூப் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பரவிய பிறகே உண்மை வெளியே வந்தது.

ரம்ஃபோர்டைக் குழப்பியது வேறொன்று. ஒரு ஆளுக்கு ஊற்றிய சூப்பின் எடை ஏறக்குறைய 570 கிராம். அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். தானியமும் பருப்பும் கிழங்கும் சேர்ந்தாலும் கொஞ்சம்தான். இருந்தும் குடித்தவர்கள் வயிறு நிறைந்து எழுந்து போனார்கள். அதே பொருள்களை அவசரமாகக் கொதிக்கவைத்து இறக்கினால் நீர்த்துப்போய் ருசியில்லாமல் இருந்தது. மெல்லிய தீயில் மணிக்கணக்கில் விட்டால் கெட்டியாகி, ருசி கூடி, பசியும் தாங்கியது. பொருளைக் கூட்டவில்லை, நேரத்தை மட்டும்தான் கூட்டினார்கள். அப்படியானால் கூடுதலாக வந்த சத்து எது?

தண்ணீர்தான் என்றார் ரம்ஃபோர்டு. தண்ணீர் தனிமம் அல்ல, இரண்டு வாயுக்கள் கூடிய சேர்மம் என்று கேவண்டிஷும் லவோய்சியரும் நிறுவி அப்போது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. செடிகள் நீரைப் பிரித்துத் தம் உடம்பாக்கிக்கொள்கின்றன என்ற பேச்சும் அறிஞர்களிடையே இருந்தது. செடியால் முடிந்தது மனித வயிற்றால் முடியாதா, பார்லியோடு பக்குவமாக வெந்த தண்ணீரை வயிறு உணவாகவே மாற்றிக்கொள்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் கண்ணால் கண்டது பொய்யில்லை. பார்லி தண்ணீரை என்னவோ செய்கிறது. என்ன என்று சொல்ல, அவருக்குத் தெரியாத வேதியியல் தேவைப்பட்டது.

பார்லி மணியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. செடி அதைப் பொடியாகக் கொட்டிவைப்பதில்லை. நுண்ணிய மணிகளாகக் கட்டிச் சேமிக்கிறது. பெரிய மணிகள் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த வில்லை வடிவம், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பது ஐம்பதை வரிசையாக அடுக்கலாம். அவற்றின் இடுக்குகளில் இன்னும் மிகச் சின்ன மணிகள். ஒவ்வொரு மணியும் வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக வளர்ந்தது. உள்ளே இரண்டு வகை மூலக்கூறுகள்: கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின் ஏறக்குறைய முக்கால் பங்கு, கிளையில்லாமல் நீளும் அமைலோஸ் கால் பங்கு. இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிகள். அந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு படிகம்போல் அடுக்கப்பட்டிருப்பதால், பச்சைத் தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லை. பார்லி மாவைக் குளிர்ந்த நீரில் கலக்கினால் சிறிது நேரத்தில் அடியில் படிந்துவிடுவது அதனால்தான்.

முனைவுற்ற ஒளி வசதியுள்ள நுண்ணோக்கி ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தால், அந்தக் கலக்கலில் ஒரு துளி எடுத்து வைத்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு மாவுமணியும் வெள்ளையாக ஒளிரும். ஒளிரும் மணியின் நடுவே ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். உள்ளே மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதற்கு அந்தச் சிலுவை அத்தாட்சி. இப்போது துளியை மெல்லச் சூடேற்ற வேண்டும். 50 டிகிரி செல்சியஸ் வரை பெரிய மாற்றம் இருக்காது. 55ஐத் தாண்டி 65ஐ நெருங்கும்போது சிலுவைகள் ஒவ்வொன்றாக மங்கி மறையும். பற்றியிருந்த சங்கிலிகள் கைவிடுகின்றன, நீர் உள்ளே புகுகிறது, மணி உப்புகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை ஒரு மணி வாங்கிக்கொள்ளும். உப்பிய மணிகளிலிருந்து அமைலோஸ் வெளியே கசிந்து, மிச்சமிருக்கும் நீரிலும் வலைபோட்டு நிற்கிறது.

சட்டியில் இருந்த தண்ணீர் எங்கும் போகவில்லை, ஆனால் அது இனி இஷ்டத்துக்கு ஓடும் தண்ணீர் இல்லை. கொஞ்சம் மணிகளுக்குள் அடைபட்டது, மற்றது வலைக்குள் சிக்கியது. ரம்ஃபோர்டு கண்ட கெட்டித்தன்மை இதுதான். இதற்கு நேரம் ஏன் தேவை என்றால், முழு பார்லி மணியின் நடுப்பகுதிக்கு வெப்பமும் நீரும் போய்ச் சேர வேண்டும். மாவுமணிகளைப் பொதிந்து வைத்திருக்கும் செல்சுவரும் இளக வேண்டும். மாவாக அரைத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் கெட்டியாகிவிடும். முழுசாகப் போட்டால் மணிக்கணக்கு ஆகும், ஆனால் கடைசி வரை பல்லுக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

அந்தச் செல்சுவரில்தான் பார்லியின் இன்னொரு சங்கதி இருக்கிறது. பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. இதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் இணைப்பு வேறு மாதிரி என்பதால் நம் குடல் நொதிகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. நீரில் கரைந்து கொழகொழவென்று ஆகும். 100 கிராம் பார்லியில் சுமார் 4 முதல் 6 கிராம் வரை இருக்கும். ஓட்ஸில் இது பெரும்பாலும் மணியின் மேற்பகுதியில் குவிந்திருக்கிறது. பார்லியிலோ உள்ளே வரை பரவியிருக்கிறது. ஆகவே தவிட்டைத் தீட்டி எடுத்த வெள்ளைப் பார்லியிலும் இது நிறையவே மிஞ்சும். தீட்டிய அரிசியைத் திட்டுகிற நியாயம் பார்லிக்கு அப்படியே பொருந்தாது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றிருக்கிறது. குடலில் கொழகொழப்பு நிறைந்திருக்கும்போது பித்த அமிலங்கள் அதில் சிக்கி வெளியேறுகின்றன. புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் பார்லி என்றாலே நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் தண்ணீர், நோயாளி உணவு என்று ஒதுக்கிவைத்துவிட்டோம். மணியை வடிகட்டித் தூர எறிந்துவிட்டு நீரை மட்டும் குடிப்பது எனக்கு என்றுமே புரியாத சிக்கனம்.

சரி, சிறைப்பட்ட தண்ணீர் வயிற்றில் என்ன செய்யும்? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவியை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே அளவு தண்ணீர். ஒருமுறை திட உணவைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் தனியாகக் குடித்தார்கள். இன்னொரு முறை இரண்டையும் சேர்த்து அரைத்துச் சூப்பாகக் குடித்தார்கள். தனியாகக் குடித்த தண்ணீரை இரைப்பை சல்லடை போட்டதுபோல் பிரித்துச் சீக்கிரமே சிறுகுடலுக்கு அனுப்பிவிட்டது; திட உணவு மட்டும் பின்தங்கியது. சூப்பிலோ நீரைப் பிரிக்க முடியவில்லை. இரைப்பை நீண்ட நேரம் விரிந்தே இருந்தது, பசியும் அதற்கேற்பத் தள்ளிப்போனது. இரைப்பையின் சுவர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது மூளைக்குப் போகும் போதும் என்ற செய்திகளில் ஒன்று. உள்ளே இருப்பது தண்ணீரா சோறா என்று அந்தச் சுவர் கேட்பதில்லை.

ஆக, தண்ணீர் உணவாகவில்லை. உணவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரம்ஃபோர்டின் விளக்கம் தப்பு, கவனிப்பு சரி. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு. நாள் முழுக்க நூல் நூற்கும் ஒரு தாய்க்கு இந்தச் சூப் பசியை மறைத்ததே தவிர, அவளுக்கு வேண்டிய ஆற்றலை ஈடுகட்டியிருக்காது. சூப்போடு கொடுத்த ரை ரொட்டியைப் பலரும் அங்கே தின்னாமல் சட்டைப் பையில் போட்டு ராத்திரிக்கென்று வீட்டுக்கு எடுத்துப்போனார்களாம். தொழிலாளியின் வயிற்றை எவ்வளவு மலிவாக அடைக்கலாம் என்று கணக்குப் போட்டவர் என்று கார்ல் மார்க்ஸ் தன் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ரம்ஃபோர்டைக் கடுமையாகக் கேலி செய்தார். கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1790இல் குறையாக இருந்த அதே குணத்தை, தேவைக்கு மேல் தின்று சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமாக அலையும் இன்றைய நகரவாசிக்கு மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுக்கலாம். அளவாகத் தின்றும் பசிக்காமல் இருக்கிற வழி அவருக்குத்தான் வேண்டும்.

சூப்புக்கு இன்னும் ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஒருநாள் ரம்ஃபோர்டு விட்டு நகர முடியாத சோதனை ஒன்றில் மூழ்கியிருந்தார். சாப்பாடு வந்தது: கெட்டியான அரிசிச் சூப், அதாவது கிட்டத்தட்ட நம் கஞ்சி. ஆறிவிடப்போகிறதே என்று அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பின் மேல் வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பசியெடுத்துப் போய் ஒரு கரண்டி அள்ளினால் சில்லிட்டிருந்தது. அடுத்த கரண்டி தற்செயலாக ஆழமாக இறங்கியது. வாய் வெந்துவிட்டது. கூழையும் களியையும் அவசரமாக வாயில் போட்டவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர் ஆச்சரியப்பட்டார். ஒரே கிண்ணத்தில், விரல்கடை தூரத்தில், கீழே கொதியும் மேலே குளிரும் எப்படி ஒன்றாக இருக்கும்? அதே அடுப்பில் வெறும் தண்ணீர் இருந்திருந்தால் முழுவதும் ஒரே சூடாகத்தானே இருந்திருக்கும்?

விடையை ஒரு வெப்பமானி காட்டியது. மதுசாரம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றைச் சூடாக்கி ஜன்னலோரம் ஆறவைத்திருந்தார். வெயில் அதன் மேல் விழுந்தபோது உள்ளே மிதந்த தூசிகள் பளிச்சென்று தெரிந்தன. நடுவே விறுவிறுவென்று மேலேறி, ஓரமாகக் கீழிறங்கிக்கொண்டிருந்தன. திரவத்தில் வெப்பம் பரவுவது திரவமே சுமந்து செல்வதால்தான். சூடான பகுதி லேசாகி மேலேறும், குளிர்ந்த பகுதி கனத்துக் கீழிறங்கும். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெப்பச்சலனம் என்று படிப்பது இது. கஞ்சியிலோ மாவுச்சத்து நீரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மேலேறவும் கீழிறங்கவும் வழியில்லாத நீர், இருந்த இடத்திலேயே சூட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறது. இங்கேயும் ரம்ஃபோர்டு ஒரு படி தாண்டிப் போனார்: திரவங்களுக்கு வெப்பத்தைக் கடத்தும் சக்தி அறவே கிடையாது என்று அடித்துச் சொன்னார். உண்டு, மிகக் குறைவு, அவ்வளவுதான்.

சூப் வெகுநேரம் ஆறாமல் இருப்பதற்கும், அது அடிப்பிடிப்பதற்கும் காரணம் ஒன்றே. அடியிலுள்ள கூழ் மேலே தப்பிக்க முடியாததால் அங்கேயே வெந்து, தீய்ந்து போகிறது. கொஞ்சம் கெட்டிப்பட ஆரம்பித்த பிறகு வெப்பச்சலனம் செய்ய வேண்டிய வேலையைக் கரண்டிதான் செய்தாக வேண்டும். சட்டியின் அடி வரை கரண்டி போய்வர வேண்டும். மேலாகச் சுழற்றிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை.

குளிர்காலத்தில் சூடான சூப் உடம்பைச் சூடேற்றுகிறது என்கிறோமே, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ரம்ஃபோர்டின் 570 கிராம் சூப்பை 60 டிகிரியில் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். உடம்பின் வெப்பம் 37. ஒவ்வொரு கிராமும் 23 டிகிரி ஆறுவதற்குள் உடம்புக்குக் கொடுப்பது 23 கலோரி. மொத்தம் சுமார் 13,000 கலோரி. சாப்பாட்டுக் கணக்கில் 13 கிலோகலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருப்பது இதைவிட அதிகம்! சூப்பின் சூடு நேரடியாகத் தரும் வெப்பம் அவ்வளவுதான். மற்றபடி நாம் உணரும் கதகதப்பில் ஒரு பங்கு வாயிலும் உணவுக்குழாயிலும் உள்ள வெப்ப உணர்விகள் மூளைக்கு அனுப்பும் செய்தி. இன்னொரு பங்கு அடுத்த சில மணி நேரத்தில் வருவது. தின்றதைச் செரித்துச் சேமிக்க உடம்பு செலவழிக்கும் ஆற்றல் வெப்பமாக வெளிவரும், கலப்பு உணவென்றால் அதன் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கெட்டிச் சூப் மெதுவாகச் செரிப்பதால் இந்தக் கணப்பும் நிதானமாக, நெடுநேரம் கிடைக்கிறது.

அடுப்பைப் பற்றியும் ரம்ஃபோர்டு ஒன்று சொன்னார், அதை இன்றைய சமையலறைகளில் எழுதி ஒட்டலாம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரும், மெல்ல முணுமுணுத்துக் கொதிக்கும் தண்ணீரும் ஒரே சூடுதான். கடல் மட்டத்தில் 100 டிகிரி. தீயைக் கூட்டினால் பருப்பு சீக்கிரம் வேகாது, ஆவிதான் அதிகம் போகும். பனிக்கட்டிக் குளிரிலுள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஜன்னல் வழியாக வெளியேறும் ஆவியில் போவது நம் சிலிண்டர் காசு. கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிட வேண்டியதுதான். குக்கரில் விஷயம் வேறு. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் 120 டிகிரி வரை போய்த்தான் கொதிக்கிறது, மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிறது.

பட்டாணிக்கு வருவோம். அது வெறும் நிரப்பியாகச் சேர்க்கப்பட்டதல்ல. பார்லிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் போதுமான அளவு உண்டு. பட்டாணியில் நேர்மாறு. ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. பொங்கலில் பாசிப்பருப்பும் இட்லியில் உளுந்தும் செய்வது இதைத்தான். அமினோ அமிலங்கள் கண்டுபிடிக்கப்படாத காலத்திலேயே உலகம் முழுக்கத் தானியமும் பருப்பும் ஒரே சட்டியில் விழுந்திருக்கின்றன.

ஆனால் பட்டாணி பிடிவாதக்காரி. அவளுடைய செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகினால்தான் மசிவாள். நீரில் கால்சியம் அதிகமிருந்தால் அது பெக்டின் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு இறுக்கிவிடும். உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் பருப்பு வேகவில்லை என்று புலம்புவது இதனால்தான். புளிப்பும் பெக்டினுக்குத் துணைபோகும். புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு காய் வேகாது என்று வீட்டில் சொல்வது சரி. ரம்ஃபோர்டும் வினிகரைக் கடைசியில்தான் ஊற்றினார். ஆரம்பத்திலேயே ஊற்றியிருந்தால் இன்னொரு கெடுதலும் வந்திருக்கும்: நெடுநேரக் கொதியில் அமிலம் மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டிவிடும், கெட்டிப்பட்ட சூப் மறுபடி நீர்த்துப்போகும். கடைசியில் விழும் புளிப்பு ருசிக்கு அவசியம். கெட்டியான திரவத்தில் உப்பும் மணமும் நாக்கையும் மூக்கையும் எட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு சொட்டுப் புளிப்பு இல்லாவிட்டால் பசை குடிப்பதாகத் தோன்றும்.

வீட்டில் நான்கு பேருக்கு இதைச் செய்ய 100 கிராம் பார்லி, அதைவிடச் சற்றுக் குறைவாக உடைத்த பட்டாணி, ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர் போதும். பார்லியையும் பட்டாணியையும் முந்தின இரவே ஊறவைத்தால் அடுப்பு நேரம் பாதியாகும். ஒரு பெரிய வெங்காயத்தையும் நான்கைந்து பூண்டுப் பற்களையும் வெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ பொன்னிறமாக வதக்கிப் போட்டால் ரம்ஃபோர்டு சூப்பைவிட நம் சூப் ஒரு படி மேல். தானியம் முக்கால் பதம் வெந்த பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும். இறக்கக் கால் மணி நேரத்துக்கு முன்னால் கோஸ். குளிர் தாங்கும் காய்களில் குளிர்காலத்தில் இனிப்பு கூடியிருக்கும். கேரட்டும் கோஸும் குளிர் கண்டதும் தம் சேமிப்பிலிருந்து சர்க்கரையைச் செல்களில் ஏற்றிக்கொள்கின்றன, சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது என்பதால். செடி உயிர்பிழைக்கச் செய்த ஏற்பாடு நம் சட்டிக்கு ருசியாக வந்து சேர்கிறது. மிளகை அப்போதைக்கப்போது பொடித்துக் கிண்ணத்தில் தூவினால் போதும். எலுமிச்சையா வினிகரா என்பது உங்கள் இஷ்டம், அடுப்பை அணைத்த பிறகு.

மிஞ்சிய சூப் மறுநாள் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். வெளியே கசிந்த அமைலோஸ் சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அப்படி அடுக்கிய மாவுச்சத்தில் ஒரு பகுதியை நம் நொதிகளால் பிரிக்க முடியாது. அது நார்ச்சத்தைப் போலப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. பழைய சோற்றிலும் இதே மாற்றம் நடக்கிறது. கொதிநீர் ஊற்றிக் கிளறிச் சூடாக்கினால் சூப் இளகிவிடும்.

எடுத்துவைப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். ரம்ஃபோர்டின் வாயைச் சுட்ட அதே குணம் இங்கே வயிற்றைக் கெடுக்கும். ஆழமான சட்டியில் அப்படியே விட்ட கெட்டிச் சூப்பின் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. பேசில்லஸ் சீரியஸ், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை, அந்த வெதுவெதுப்பு வந்ததும் முளைத்துப் பெருகும். அமெரிக்க உணவு விதிகள் சமைத்த உணவை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கச் சொல்கின்றன. கெட்டிச் சூப் தானாக அவ்வளவு வேகத்தில் ஆறாது. அகலமான தாம்பாளத்திலோ இரண்டு மூன்று தட்டையான பாத்திரங்களிலோ இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, நடுநடுவே கிளறிவிட்டு, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.